வில்ஃப் ஓர்மராட் தமாஷுக்குப் பாடிய இசைத்தட்டு

'சும்மா தமாஷுக்கு' என்று சொல்லிக்கொண்டே உயிரைக் கொடுத்து ஒரு காரியத்தைச் செய்யும் மனித இனம் ஒன்று உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பலித்தால் திறமை, பலிக்காவிட்டால் தமாஷ். என்ன நஷ்டம்?

இங்கிலாந்தின் ப்ளாக்பூல் கடற்கரை அரங்குகளில் தும்மியே ஊரைச் சிரிக்கவைத்த வில்ஃப் ஓர்மராட் இந்த இனத்தில் முதல் தரம். அறுபத்தெட்டாம் வருஷக் கோடையில், நீளமுடி இளைஞர்கள் கண்ணை மூடிக் கிறங்கிக் கிடந்த சைகடெலிக் ராக் பாட்டுகளை நடுநடுவே தும்மிக் கேலியாகப் பாடித்தரும்படி ஓர் இசைத்தட்டுக் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. "எனக்கெதுக்குய்யா பாட்டு" என்று சலித்துக்கொண்டார். சலித்துக்கொண்டே பீரை விட்டார், வெந்நீரில் தேன் கலந்து குடித்தார், கழுத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, ஊதா நிற ஆறு ஒன்று தன்னோடு பேசுவதாக வரும் பாட்டைக் குளியலறையில் நின்று உருகிப் பாடினார்.

"தமாஷுக்குப் பாடறவனுக்குத் தொண்டை மேல என்ன இவ்வளவு கரிசனம்?" என்றாள் மனைவி ஈனிட்.

"கேலி பண்றதுக்கும் சுருதி வேணும்ல."

ஒலிப்பதிவிலோ தும்ம வேண்டிய இடமெல்லாம் மறந்துபோனது. "வில்ஃப், தும்மல் எங்கப்பா?" என்று தயாரிப்பாளர் கெஞ்சினார்.

"அது கெடக்கு. மேல போறப்ப சுருதி கொஞ்சம் இறங்கிடுச்சு, இன்னொரு தடவ பாடிடறேன்."

கடைசியில் தும்மல்களைத் தனியாகப் பதிந்து ஒட்டினார்கள்.

இசைத்தட்டு சக்கைப்போடு போட்டது. நாடே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வானொலியில் அது வரும்போது மட்டும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

ஒருநாள் மதியக் காட்சி முடிந்து ஈனிட்டோடு வெளியே வந்தபோது, அரங்கின் பின்வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள். நெற்றியில் மணிச்சரம், செருப்பில்லாத கால்.

"சார், அந்த ஆத்துப் பாட்டு கேட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு. தும்மல் இல்லாம ஒருதரம் பாடுவீங்களா? நிஜமாவே நல்லாப் பாடறீங்க."

இந்த ஒரு வார்த்தைக்குத்தானே மனிதர் பீரையே துறந்தார்? காது நுனிவரை சிவந்தது. மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

தும்மினார்.

"அட போம்மா, அது சும்மா தமாஷுக்குப் பாடினது."

அந்தப் பெண் பாதி சிரிப்போடு போய்விட்டாள். கடலோரமாக நடக்கையில் ஈனிட், "பாடியிருக்கலாம்ல" என்றாள்.

பாவம், அசட்டு மனிதர் என்கிறீர்களா? ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதிய கவிதையை 'சும்மா கிறுக்கினது' என்று நீட்டிவிட்டு, படிப்பவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். இன்று காலைகூடக் கண்ணாடி முன்னால் நின்று அவருக்கு நீங்கள்தான் தலை வாரிவிட்டீர்கள்.