தேதியில்லாத வினாத்தாள்

14-5-2024, செவ்வாய்க்கிழமை
காலை மணி 10.20

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவர் எழுதுவது. தங்களுடைய 3-4-2024 தேதியிட்ட கடிதம் 8-4-2024 அன்று கைக்கு வந்தது. பதில் எழுத முப்பத்தாறு நாள் ஆகிவிட்டதற்கு முதலில் வருந்துகிறேன். இங்கே நானும் தங்கள் அக்காவும் மருமகளும் உடம்பளவில் சௌக்கியம். மகன் வேலை நிமித்தம் இம்மாதம் 27-ஆம் தேதி வரை வெளியூர். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் உடம்போடு மனதும் சௌக்கியமாக இருக்க விழைகிறேன். இங்கே அந்த இரண்டாவது இல்லாததால்தான் இக்கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தங்களிடம் தொலைபேசியில் பேசினால் எங்கள் வீட்டில் மூன்று அறைகளுக்கும் கேட்கிறது, தங்களுக்கு மட்டும் கேட்பதில்லை.

மருமகள் ஆறு ஆண்டுகளாக நூலகத்தில் தற்காலிக உதவியாளராக இருப்பது தாங்கள் அறிந்ததே. இவ்வாண்டு ஜூன் 30-க்குள் பட்டச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினால் வேலை நிரந்தரம். காட்டாவிட்டால் அந்த நாற்காலி வேறொருவருக்கு. தபால்வழிப் படிப்பில் மற்ற எல்லாத் தாள்களும் தேறிவிட்டாள். சமூகவியல் ஒன்றுதான் பாக்கி. இருமுறை எழுதி இருமுறையும் தவறிவிட்டது. விதிப்படி மூன்றாவது முறையே கடைசி முறை. அது நாளை மறுநாள், 16-5-2024 வியாழன், காலை பத்து மணிக்கு. நாற்பதாண்டு காலம் அந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்திய தங்களிடம் அப்போதே விட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. நான்தான் தலையைக் கொடுத்தேன்.

அவளோடு சேர்ந்து படிக்க இருவர் வருகிறார்கள். ஒருத்தி மருத்துவமனைச் செவிலி. பணி முடிந்து வந்ததும் காலணியைக் கழற்றுவதற்குள் ஒரு வினாவை ஒப்பித்துவிடுவாள். இன்னொருத்தி பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு முகப்பில் இருப்பவள். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் மை பூசத் தொடங்கி, எது முக்கியமில்லை என்று தீர்மானிக்க முடியாமல் புத்தகம் முழுவதையும் பூசிவிட்டதால் 'மஞ்சள்' என்றே அழைக்கப்படுகிறாள். மூவரும் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எது வரும், எது வராது என்று தர்க்கம் செய்வார்கள். "சமூகமயமாதல் போன வருஷம் வந்துச்சுடி, இந்த வருஷம் வராது." "போன வருஷம் வந்ததாலதான் இந்த வருஷமும் வரும், புது ஆள் கேள்வி போடச் சோம்பேறித்தனப்படுவான்." "நீ வாயை வைக்காதே, நீ வராதுன்னு சொன்னது எல்லாம் வந்திருக்கு." இப்படி. நான் அவ்வப்போது உள்ளே போய், மின்விசிறி வேகம் போதுமா, தண்ணீர் வேண்டுமா, பாடத்தில் வரும் சமூக அடுக்கமைவு என்றால் அடுக்குமாடியா என்றெல்லாம் விசாரிப்பது வழக்கம். 2-4-2024 அன்று மாலை நான் ஐந்தாம் முறையாக உள்ளே போனபோது மருமகள் ஒரு கட்டுத் தாளை என் கையில் கொடுத்து, "மாமா, ஆறு வருஷத்துக் கேள்வித்தாள். எது எந்த வருஷம் வந்திருக்குன்னு ஒரு அட்டவணை போட்டுத் தர்றீங்களா? உங்களை விட்டா இதை ஒழுங்கா செய்ய ஆள் இல்லை" என்றாள். மைத்துனரே, அவள் இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள். என்னிடம் அவள் கேட்ட முதல் உதவி அது.

நான் முப்பத்தாறு ஆண்டு அலுவலகத் தபால் பிரிவில், உள்ளே வருகிற ஒவ்வொரு காகிதத்துக்கும் தேதி முத்திரை குத்தியவன். கட்டைப் பிரித்துக் காலவரிசைப்படி அடுக்கினேன். 2021-ஆம் ஆண்டுத் தாள் இல்லை. ஆனால் தேதியே இல்லாத தாள் ஒன்று இருந்தது. தேதியில்லாத காகிதத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். ஓர் ஆண்டுக்குத் தாள் இல்லை, ஒரு தாளுக்கு ஆண்டு இல்லை. இரண்டும் பொருந்துவதைக் கண்டு மகிழ்ந்து, மேல் ஓரத்தில் 18-5-2021 என்று நானே எழுதி, கோப்பில் பசை தடவி அதன்மேல் ஒட்டிவிட்டேன். அதன்பின் அட்டவணை தானாக மலர்ந்தது. 'குடும்பம்' என்ற பாடத்திலிருந்து பதினைந்து மதிப்பெண் வினா 2019-இல் வந்திருக்கிறது, 2021-இல் வந்திருக்கிறது, 2023-இல் வந்திருக்கிறது. ஒற்றைப்படை ஆண்டில் வரும், இரட்டைப்படையில் வராது! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெரிய தாளில் சிவப்பும் நீலமுமாக எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, மூவரையும் வரிசையாக நிற்கவைத்து விளக்கினேன். "குடும்பத்தைத் தூக்கி ஓரமா வைங்க. நாற்பத்தெட்டுப் பக்கம் மிச்சம். அந்த நேரத்துல நெறிபிறழ்வுப் பாடத்தைப் பாருங்க" என்றேன். "அப்ப குடும்பம் வேண்டாங்கறீங்க, மாமா?" "வேண்டவே வேண்டாம்." தங்கள் அக்கா சமையலறையிலிருந்து, "இதை நாற்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நானும் பிழைச்சிருப்பேன்" என்றார்.

நேற்று, 13-5-2024 திங்கள் மாலை 4.40-க்கு, மின்விசிறிக் காற்றில் கோப்பு படபடத்து, பசை காய்ந்திருந்த அந்தத் தாள் மட்டும் பிய்ந்து தரையில் குப்புற விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். முதுகுப் பக்கத்தில் கட்டம் கட்டமாக ஏதோ அச்சாகியிருந்தது. படித்தேன். செவிலியின் பணிநேர அட்டவணை. மார்ச் 2024. அதாவது, மைத்துனரே, அது பல்கலைக்கழகத் தாளே அல்ல. அந்தப் பெண் மாதம் முடிந்து வீணான காகிதத்தின் பின்புறத்தில், பயிற்சிக்காகத் தானே யோசித்து அச்சடித்த மாதிரி வினாத்தாள். அவர்கள் ஊகித்ததை நான் சரித்திரமாக்கி, அந்தச் சரித்திரத்தைக் கொண்டு அவர்களுக்கே ஊகம் சொல்லியிருக்கிறேன். தேதி இல்லை இல்லை என்று நான் தவித்த காகிதத்தில் தேதி இருக்கத்தான் செய்தது. பின்பக்கத்தைத் திருப்பித்தான் நான் பார்க்கவில்லை.

அதை எடுத்துவிட்டால் 2019-உம் 2023-உம்தான் மிச்சம். இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு என்ன விதி சொல்வது? குடும்பம் வரலாம். பதினைந்து மதிப்பெண். போன முறை அவள் தவறியது ஒன்பது மதிப்பெண்ணில். நேற்று முதல் எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் கால் நேரே குளிர்பதனப் பெட்டிக்குப் போகிறது. கதவைத் திறப்பேன், அட்டவணையைப் பார்ப்பேன், மூடுவேன். "இப்ப என்ன வேணும் உங்களுக்கு? தண்ணியா, மோரா?" என்கிறார் தங்கள் அக்கா. ஒன்றும் வேண்டாம் என்றால் நம்புவதில்லை. காலையில் மருமகள் என்னைத் தாண்டிப் போகும்போது, "மாமா, அட்டவணைப்படி எல்லாம் முடிச்சாச்சு" என்று சிரித்தாள். அவளிடம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "நல்லது" என்ற சொல் வந்தது. என்ன செய்ய, என் வாய்!

ஆகவே தங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். இக்கடிதத்தை இப்போதே கூரியரில் சேர்க்கிறேன். நாளை காலை ஒன்பதுக்குள் கிடைத்துவிடும் என்கிறார்கள். கிடைத்த உடனே தாங்கள், காதுக்குத் துணையாகத் துணைவியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மருமகளுக்குத் தொலைபேசி செய்து, தற்செயலாக நினைவு வந்ததுபோல, "குடும்பம் பாடத்தைப் பார்த்துட்டியாம்மா? இந்த வருஷம் வரும்னு எனக்கு மனசுல படுது" என்று சொல்லவேண்டும். என் பெயர் வரக்கூடாது. அட்டவணை பற்றித் தங்களுக்கு எதுவும் தெரியாது. அவள் "மாமா வராதுன்னு சொன்னாரே" என்றால், "அவருக்கு என்ன தெரியும்" என்று தாராளமாகச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டாக மனதில் வைத்திருந்ததைச் சொன்ன மாதிரியும் இருக்கும்.

தங்கள் இருவருக்கும் நோயற்ற நாட்களும் குறைவற்ற மனநிறைவும் வாய்க்கட்டும். சின்னவர்களுக்கு என் ஆசிகளைத் தனித்தனியே சொல்லவும்.

தங்கள் அன்பை என்றும் மதிக்கும்,
அத்தான்

பின்குறிப்பு: 16-5-2024, வியாழன், பிற்பகல் 2.15. மேலே கண்ட அனைத்தையும் ரத்து செய்யக் கோருகிறேன். தொலைபேசி செய்யவேண்டாம். கடிதம் கூரியருக்குப் போகவில்லை. அன்றே உறைக்குப் பசை தேடி நான் உள்ளே போன கால் மணி நேரத்தில் தங்கள் அக்கா அதை எடுத்து முழுவதும் படித்து, மேசையைச் சுற்றி இருந்த மூவருக்கும் உரக்கப் படித்தும் காட்டிவிட்டார். நான் பசையோடு திரும்பியபோது நால்வரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அழுகிறார்கள் என்று நினைத்தேன். சிரிப்பு. "மாமா, அந்தத் தாளுக்கு நீங்க 2021-ன்னு போட்டப்பவே பார்த்துட்டோம். சொன்னா அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடுவீங்க, மறுபடி நிற்கவச்சு விளக்குவீங்க. அதான் விட்டுட்டோம்" என்றாள் மருமகள். "அப்ப குடும்பம்?" என்றேன். "அதைத்தான் முதல்ல படிச்சோம் தாத்தா, ஆஸ்பத்திரி கேன்டீன்ல உக்காந்து" என்றாள் செவிலி. மஞ்சள் ஒருத்திதான் உள்ளதைச் சொன்னாள்: "நீங்க பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து மின்விசிறியைப் பத்திக் கேட்டா நாங்க எப்பப் படிக்கிறது? உங்களுக்கு ஒரு வேலை குடுத்தோம்." 2-4-2024 முதல் 14-5-2024 வரை, இரு முனைகளையும் சேர்த்து, நாற்பத்து மூன்று நாள் நான் பார்த்த வேலையின் பெயர் அது. அன்று மாலை அட்டவணையைக் கிழிக்கப் போனேன். மருமகள் விடவில்லை. "இருக்கட்டும் மாமா, பார்த்தா தைரியமா இருக்கு" என்றாள். எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று கேட்கவில்லை.

இன்று தேர்வு முடிந்து சற்றுமுன் மூவரும் வந்தார்கள். குடும்பம் வந்துவிட்டது. 'ஓய்வுபெற்ற முதியவர் குடும்பத்தில் வகிக்கும் பங்கினை உதாரணத்துடன் விளக்குக. 15 மதிப்பெண்.' மூவருமே எழுதியிருக்கிறார்கள். மூவருமே உதாரணத்துக்கு என்னைத்தான் எழுதியிருக்கிறார்கள். தேதியில்லாத தாள், குளிர்பதனப் பெட்டிக் கதவு, மோர் உட்பட. இப்போது எனக்குப் புதுக் கவலை. துறை அறிந்தவர் என்பதால் கேட்கிறேன்: மூன்று விடைத்தாளிலும் ஒரே கிழவன் வந்தால் காப்பி அடித்ததாக எடுத்துக்கொள்வார்களா? மேலும், நான் ஓய்வுபெற்றது 31-7-2008. மருமகள் அதை 30-7-2008 என்று எழுதிவிட்டாளாம். இதற்காக அரை மதிப்பெண்ணாவது குறைப்பார்களா என்று உடனே எழுதவும். குறைப்பார்கள் என்றால், நான் ஓய்வுபெற்றது முப்பதாம் தேதிதான் என்று எங்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தரத் தயாராக இருக்கிறேன்.