சிவப்புக் கட்டத்து மாப்பிள்ளை

ஆனையூர்,
மாசி பிறந்து நாலாம் நாள்.

மதிப்பும் பிரியமும் உள்ள மாப்பிள்ளை ராஜபாண்டி அவர்களுக்கு,

மைத்துனன் சோணைமுத்து எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் மனைவி மாயக்காளும், கோவையிலிருந்து லீவில் வந்திருக்கும் மகள் ரோகிணியும், என் பொறுப்பில் உள்ள பாறு கழுகுகளும் நலம். உசிலம்பட்டியில் நீங்களும், தங்கை தங்கப்பொண்ணும், உங்கள் மகன் முத்துக்குமரனும், கறவை மாடுகளும் சுகமென்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் போனை எடுத்தால் தங்கச்சி பேசுவாள், நான் உம் கொட்டுவேன், வைத்த பிறகு பார்த்தால் எல்லாவற்றுக்கும் சம்மதித்திருப்பேன். ஆகவே கடிதம்.

முதலில் நல்ல சேதி. குஞ்சு பொரித்துவிட்டது! கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்று ரிட்டயர் ஆனவன், கழுகுக்குப் பெண் பார்க்கப் போய்விட்டான் என்று சந்தையில் சொல்லிச் சிரித்தீர்களே, இப்போது சிரியுங்கள் பார்ப்போம்.

போன வருஷம் நடந்ததை உங்களிடம் மறைத்துவிட்டேன். வெற்றி கிடைத்துவிட்டதால் இப்போது சொல்லலாம். எங்கள் பாறு கழுகு இனப்பெருக்க நடுவத்து ஜஸீலா டாக்டரம்மா, மதுரை காஜிமார் தெருப் பெண், ரொம்பப் படித்தவர், ஒவ்வொரு கழுகிலும் சொட்டு ரத்தம் எடுத்து, எது எதற்கு எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று பார்த்து, சுவரில் கட்டம் போட்ட தாள் ஒன்றை ஒட்டினார். மேலே ஆண்கள், பக்கத்தில் பெண்கள், சந்திக்கும் கட்டங்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு. "சோணைமுத்தண்ணே, நான் மெட்ராஸுக்கு மீட்டிங் போறேன். கலரைப் பாத்து ஜோடி சேத்துருங்க" என்று கிளம்பிவிட்டார். பார்த்தேன். கல்யாண விஷயத்தில் சிவப்பு என்றால் என்ன, மாப்ள? குங்குமம். கூறைப்புடவை. அது போதாதென்று பதிவேட்டையும் புரட்டினேன். ஏழாம் நம்பர் பெண்ணின் அப்பாவும், பதினோராம் நம்பர் பையனின் அம்மாவும் ஒரே கூட்டில் பிறந்த அண்ணன் தங்கை. அத்தை மகன்! நிறமும் சரி, முறையும் சரி. உடனே கூண்டு மாற்றி, கதவில் ஒரு முழம் மல்லிகைப்பூவும் சுற்றிவிட்டேன்.

அதுகளும் ஒற்றுமையாகத்தான் இருந்தன, முட்டையும் இட்டன. ஐம்பது நாளுக்கு மேல் காத்திருந்தோம், ஒன்றுமில்லை. டாக்டரம்மா முட்டையை உடைத்துப் பார்த்தால் கரு பாதியிலேயே நின்றுபோயிருந்தது. பிறகு கட்டத்தைப் பார்த்தார், கதவில் காய்ந்து தொங்கிய பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யா அல்லாஹ்! சிவப்புன்னா நில்லுன்னு அர்த்தம்ணே! சிக்னல்ல நிக்கிறதில்லையா?"

"மதுரையில யாரும்மா நிக்கிறா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பாறு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். வலி ஊசி போட்ட மாடு செத்துக் கிடக்க, அதைத் தின்று செத்த கழுகுகள் போக மிச்சம் இருப்பதே கொஞ்சம். அதில் ஒரு வருஷத்தை நான் பாழாக்கிவிட்டேன். "முறையெல்லாம் நம்ம வச்சதுண்ணே. ரத்தத்துக்கு அத்தை மகனும் தெரியாது, பங்காளியும் தெரியாது. சொந்தத்துக்குள்ளயே சேத்தா ஒரே குறை ரெண்டு பக்கமும் வந்து குஞ்சு தங்காமப் போயிரலாம்" என்றார். கதவிலிருந்த பூவை நானே அறுத்துப் போட்டேன்.

இந்த வருஷம் பச்சைக் கட்டம். வடக்கே ஏதோ ஒரு ஊரிலிருந்து மூன்று நாள் வேனில் வந்த பதினான்காம் நம்பர். ஏழாம் நம்பர் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் ஒரு குச்சியைக் கொண்டுபோய் வைப்பான், அவள் எடுத்துக் கீழே போடுவாள். நான் பொறுக்கி மறுபடி அவன் பக்கத்தில் வைப்பேன், அவன் கொண்டுபோவான், அவள் போடுவாள். இப்படியே ஒரு மாதம், மாப்ள, என் இடுப்பே போய்விட்டது. ஒருநாள் வேப்பங்குச்சி ஒன்றைக் கொடுத்தான். அவள் வாங்கிக் கூட்டில் செருகிக்கொண்டாள். நான் கத்திய கத்தலில் வாட்ச்மேன் பாம்பு என்று நினைத்துக் கம்போடு ஓடிவந்தார். மார்கழியில் முட்டை வந்தது. பொங்கலுக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை, கூட்டைக் காட்டும் கேமரா முன்னாலேயே கிடந்தேன். தை கடைசியில் ஓடு விரிசல் விட்டு மூக்கு தெரிந்தது. டாக்டரம்மா அழுதார். நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. பெரிய அதிகாரி வந்து எனக்குத்தான் முதல் மாலை போட்டார்.

ஆகவே மாப்பிள்ளை, ரோகிணியை முத்துக்குமரனுக்குத் தங்கச்சி பெண் கேட்டதற்கு என் பதில், இல்லை. பையன் தங்கம். ஆனால் நாமெல்லாம் மூன்று தலைமுறையாகச் சிவப்புக் கட்டத்துக்குள்ளேயே குடியிருக்கிறோம். எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்று விஞ்ஞானம் சொல்கிறது, அதைக் கண்ணால் பார்த்த நானும் சொல்கிறேன். அழுதாலும் கோபித்தாலும் இந்த முடிவில் மாற்றமில்லை.

தங்கச்சிக்கு என் ஆசிகள். உங்கள் மாடுகள் பால் குறையாமல், வீட்டில் சிரிப்புக் குறையாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். மாட்டுக்கு ஊசி போடுமுன் என்ன மருந்தென்று கேட்கவும்.

அன்புடன்,
சோணைமுத்து

பின்குறிப்பு: தபாலில் போடக் கொடுத்தால் ரோகிணி படித்துவிட்டு என் காலில் விழுந்தாள். "எம்புட்டு தூரமோ அம்புட்டு நல்லதுன்னு நீயே எழுதிட்டியேப்பா!" என்று போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பையன் அஸ்ஸாமாம். ஆபீஸில் அடுத்த நாற்காலியாம். பெயர் என் வாயில் நுழையவில்லை. மாப்ள, மேலே எழுதியது கழுகுகளுக்கு மட்டும். மனுசனுக்கு முறை என்று ஒன்று இருக்கிறது. புதன்கிழமையே முத்துக்குமரனைக் கூட்டிக்கொண்டு வெற்றிலை பாக்கோடு வந்துவிடுங்கள்.

இதை எழுதிவிட்டு முத்துக்குமரனுக்கே போன் போட்டேன். "நல்லவேளை மாமா, நானே பேசணும்னு இருந்தேன். அந்த அஸ்ஸாம் பையனோட அம்மா அப்பா வெள்ளிக்கிழமை வாராக. ரோகிணி சொல்லித்தான் நானே டிக்கெட் போட்டேன். ஸ்டேஷன்ல கூட்டியாரவும் நான்தேன் போறேன். அவுகளுக்கு மீனுன்னா உசுராம்" என்றான். புதன் வேண்டாம், நீங்களும் வெள்ளிக்கிழமையே வாருங்கள். விரால் சொல்லிவைத்திருக்கிறேன்.