வீட்டு மாத்திரை நோட்டு

தென்னாற்காடு மாவட்டத்தில் மாசிலாமணிக்குத் தெரியாமல் எவரும் ஒரு மாத்திரையை விழுங்கிவிட முடியாது. இதைச் சொன்னவர் மாசிலாமணியே. சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது.

விழுப்புரத்தில் டாக்டர் ராஜாமணி அம்மாளின் இருபது கட்டில் ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கம்பவுண்டர். புதிதாகச் சேருகிறவர்கள் வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு, வீட்டு மாத்திரை நோட்டில் எழுதுவது அவர் வேலை. அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா பேனாவையே திறப்பார்.

"மூணே கேள்வி. நாலாவது கேட்டா என் பேர மாத்திக்கறேன்" என்பார் மாசிலாமணி. எண்பத்தாறாம் வருஷம் வரை பெயரை மாற்ற நேரவில்லை. வார்டே அவரை வாய்பிளந்து பார்த்தது.

நர்ஸ் அம்சவள்ளியின் வழி வேறு. "வீட்டுல எப்படிச் சாப்புடுவீங்களோ, அப்படியே சாப்புட்டுக் காட்டுங்க" என்று கட்டிலருகே நின்றுவிடுவாள். மாத்திரை தொண்டையைத் தாண்டும்வரை நகரமாட்டாள்.

"இன்னா சிஸ்டர், தரை டிக்கெட்டா, பால்கனியா? இடைவேளைக்கு முறுக்கு வாங்கியாரட்டா?" என்று சீண்டுவார் மாசிலாமணி.

"நீங்க எழுதுங்க சார். நான் பாத்துக்கினு நிக்கறேன்."

வைகாசியில் ஒரு நாள், கெடாரிலிருந்து துரைக்கண்ணு தன் மனைவி தையல்நாயகியைக் கொண்டுவந்து சேர்த்தார். மல்லாட்டைக் கொல்லையில் நிலக்கடலைக்குக் களை எடுக்கையில் மயங்கி விழுந்திருந்தாள். ரத்தத்தில் சர்க்கரை பாதாளத்தில் கிடந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து, கேப்பைக் கூழ் கிடைக்குமா என்றாள்.

"சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை எதையோ சாப்பிட்டிருக்காங்க. என்னன்னு கேட்டு எழுதுங்க" என்றார் டாக்டரம்மா.

மாசிலாமணி தொண்டையைச் செருமினார்.

"உனக்குன்னு டாக்டரு யாராவது மாத்திரை குடுத்தாங்களாம்மா?"

"இல்லீங்க."

"நாட்டு மருந்து?"

"இல்லீங்க."

"கடையில கேட்டு வாங்கினது?"

"எனக்கு ஏதுங்க சார் மருந்து?"

"சார், எனக்குத்தான் ஒரு..." என்று ஆரம்பித்தார் துரைக்கண்ணு.

"பெரியவரே, நோயாளி நீங்களா, அவங்களா?"

"அவதாங்க."

"அப்ப கம்முனு இருங்க."

நோட்டில் 'இல்லை' என்று ஏறியது. அதனால் அம்சவள்ளிக்கும் நின்று பார்க்க ஒன்றுமில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தையல்நாயகி மறுபடியும் வியர்த்து விறுவிறுத்துச் சாய்ந்தாள். மறுபடியும் குளுக்கோஸ்.

மாசிலாமணி அசரவில்லை. கெடார் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினார்: "அவங்க வூட்டுல இருக்கிற மருந்து அத்தினியும் வரணும். ஜல்தி!"

கண்டக்டர் எப்படிச் சொன்னாரோ, ஆஸ்பத்திரியில் பழைய மருந்து வாங்கிக்கொள்கிறார்கள் என்று ஊருக்குள் செய்தி பரவியது. சாயங்கால பஸ்ஸில் தெருவே கொடுத்தனுப்பிய இரண்டு மூட்டைகள் வந்து இறங்கின. லேகியம், காதுக்கு விடும் சொட்டு, பேதி மாத்திரை, யாருடையதோ பல்செட்டு. மாசிலாமணி நோட்டில் தாள் ஒட்டி எழுதினார். நாற்பத்தோரு வகை. பக்கத்து வார்டிலிருந்தெல்லாம் வந்து, கோயில் கல்வெட்டைப் பார்ப்பதுபோல் நோட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதில் தையல்நாயகியின் வாயில் பட்டது ஒன்றுகூட இல்லை.

"திண்டிவனத்துல மக வூட்டுல பத்து நாள் இருந்தங்க" என்றாள் அவள். போதாதா? மூன்றாம் நாள் விடியலிலேயே மாசிலாமணி திண்டிவனத்துக்கு பஸ் ஏறினார். மகள் கிருஷ்ணவேணி மாடத்திலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பூப்போடாத குறையாக ஏந்திக்கொண்டு மத்தியானம் திரும்பினார்.

டாக்டரம்மா பிரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மாசிலாமணி, இது எருமைக்கு."

"எருமைன்னு என்னியா சொல்றாங்க?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள் தையல்நாயகி, ஈனக் குரலில். அன்றும் பத்து மணிக்கு விழுந்திருந்தாள். இந்தத் தடவை கண் திறக்க அரைமணி நேரம் ஆகியிருந்தது.

டாக்டரம்மா மாசிலாமணியை வராந்தாவுக்கு அழைத்தார். "தினம் தினம் மோசமாகுது. நாளைக்கும் விழுந்தா, எழுந்திருப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

அன்று ராத்திரி மாசிலாமணி நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். நாலாவது கேள்வி என்று ஒன்று இருந்தால் கேட்டிருப்பார். பெயரையும் மாற்றிக்கொண்டிருப்பார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வார்டுக்கு வந்தார். கையில் நோட்டு இல்லை, பேனாவும் இல்லை. கட்டிலுக்கு நாலடி தள்ளி, கதவோரமாகச் சும்மா நின்றார். அம்சவள்ளி பார்த்தாள். ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதில் உட்கார்ந்து, கண்கொட்டாமல் பார்த்தார்.

எட்டு மணிக்கு துரைக்கண்ணு டீ குடித்துவிட்டு வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை அவிழ்த்தார். இரண்டு மாத்திரைகளை எடுத்தார். சொம்பில் தண்ணீர் மொண்டார். மாத்திரைகளை மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். அவள் அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, விழுங்கினாள்.

"சிஸ்டர்! குளுக்கோஸ்!" மாசிலாமணி ஸ்டூலை உருட்டிவிட்டுப் பாய்ந்தார். "இன்னாம்மா இது? மாத்திரையே இல்லன்னியே!"

"என்னுது இல்லீங்களே சார். அவருக்குச் சர்க்கரைன்னு போன மாசம் குடுத்தது."

"அவருக்குக் குடுத்தத நீ ஏம்மா முழுங்கற?"

அம்சவள்ளி அதற்குள் பாட்டிலை மாட்டிவிட்டாள். இதுவரை யாரும் பேசவிடாத துரைக்கண்ணு, முகமெல்லாம் பூரிப்பாக முன்னால் வந்தார்.

"எனக்காக வெள்ளிக்கெழம வெரதம் அவதான சார் இருக்கறா, அதே மாதிரி மாத்திரையும் அவளே போட்டுக்கறா. நல்லா கேக்குது சார், எனக்கு இன்னிவரைக்கும் ஒரு மயக்கம்கூட வந்ததில்ல!"