அனுமதி வாங்கிய பல்

விதைக்காமல் முளைக்கும். விழுந்தால் இன்னொரு தடவை முளைக்கும். அதுவும் விழுந்தால் கடையில்தான் வாங்க வேண்டும். அது என்ன?

பல் என்று சொன்னவர்கள் புத்திசாலிகள். கேளம்பாக்கத்தில் குடியிருந்த ராகவன் அவர்களைவிடப் புத்திசாலி. அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. ஒன்பது வயது மகள் பிரதீபாவுக்குக் கடைவாய்ப் பால்பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியபோது, அவர் முதலில் தேடியது மருந்தை அல்ல, விதிப் புத்தகத்தை.

"செங்கல்பட்டுல அம்பது ரூபாய்க்குப் பிடுங்கிடுவாங்க" என்றாள் மனைவி ஜோதிலட்சுமி.

"அந்த அம்பதை எதுக்கு நாம குடுக்கணும்? ஆபீஸ் குடுக்கும். முன் அனுமதி வாங்கணும், அவ்வளவுதான்."

அனுமதிக்கு எக்ஸ்ரே தேவைப்பட்டது. ஏசி போட்ட பல் ஆஸ்பத்திரியில் அதற்கு முந்நூறு ரூபாய். பிடுங்க வேண்டும் என்றதும் அங்கிருந்த டாக்டர் முகம் சுளித்தார்.

"இப்பல்லாம் யார் சார் பல்லைப் பிடுங்குறாங்க? வேர் சிகிச்சை பண்ணி, பீங்கான் தொப்பி போட்டுடலாம். எட்டாயிரம்."

"அது விழப்போற பல்லாச்சே டாக்டர்?"

"விழும்போது அழகா விழும்."

ராகவன் எக்ஸ்ரேயோடு தப்பித்து வந்து மனுக் கொடுத்தார். எழுத்தர் ஏசுதாஸ் அதை இரண்டு தடவை படித்தார்.

"பால்பல்லா? அப்போ தற்காலிகம் சார். தற்காலிகத்துக்கு இன்னா சலுகை கீது?"

"ஏழு வருஷமா ஒரு நாள் லீவு இல்லாம வேலை பார்த்திருக்கு."

"அது பாயிண்டு" என்றார் ஏசுதாஸ். கோப்பு மேலே போனது.

மூன்று வாரம் பிரதீபா கஞ்சி குடித்தாள். பல் ஆடத் தொடங்கியது.

"கை வைக்காதடி! ஆர்டர் வர்ற வரைக்கும் அது அங்கேயே இருக்கணும்."

"வலிக்குதுப்பா."

"பொறுத்துக்கோ செல்லம். பரிசீலனையில இருக்கு."

மார்ச் முப்பதாம் தேதி ஆணை வந்தது. மறுநாள் காலை, இட்லியோடு பல்லும் வந்துவிட்டது. பிரதீபா வெகுநாள் கழித்துச் சிரித்தாள். ராகவன் சிரிக்கவில்லை. மகளையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

"பல் தானா விழுந்துடுச்சு. ஆர்டரை ரத்து பண்ணிடுங்க."

"பேஜாரா கீதே சார்!" ஏசுதாஸ் பதறினார். "பணம் ஒதுக்கியாச்சு. இன்னிக்குள்ள செலவாவலைன்னா, அடுத்த வருசம் யாரு பல்லுக்கும் பைசா வராது. உங்களுக்கு மெமோ வரும்."

அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். எல்லாருக்கும் அடுத்த வருஷமும் பல் இருக்கும்.

ஏசுதாஸ் ஆணையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "'ஊழியர் ராகவன் குடும்பத்தில் பல் ஒன்று அகற்ற இதன்மூலம் அனுமதி அளிக்கப்படுகிறது.' யாரு பல்லுன்னு போடலயே சார்!"

கூட்டம் பெருமூச்சு விட்டது. மெமோ, பதவி உயர்வு எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்து ராகவனும் தலையாட்டினார்.

"மூணு வாரம் கஷ்டப்பட்டது பாப்பாதான். அதையே கேப்போம்" என்று ஏசுதாஸ் குனிந்தார். "சொல்லும்மா, உங்க வூட்ல யாரு பல்லைப் புடுங்கலாம்?"

பிரதீபா, "அப்பாவோடது" என்றாள்.