சத்தம் போடாத காயில்

குடிநீர்ப் பிரிவின் மூன்றாம் மாடியில், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, மெட்டல் டிடெக்டருக்கு ஒரு காயில் தேர்ந்தெடுக்கும் உயர்நிலைக் கூட்டம் இனிதே தொடங்கியது. காயில் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நீளக் கம்பின் அடியில் வட்டமாக ஒரு தட்டு இருக்குமே, தரைக்கு மேலே ஆட்டிக்கொண்டு போவார்களே, அதுதான். கீழே இரும்பு இருந்தால் பீப் என்று கத்தும். கத்துவதுதான் அதன் வேலை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அந்த அறையில் இருந்தவர்களுக்கு அதுதான் முடியவில்லை.

பழைய காயில் மேல் துறையின் ஜீப்பே ஏறிவிட்டது. அதே வாரம் கடைசித் தெருவில் குழாய் உடைந்தது. தண்ணீரை நிறுத்த வால்வை மூட வேண்டும். வால்வு எங்கே என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் ரோடு போட்டவர்கள் வால்வின் இரும்பு மூடி மேலேயே தார் ஊற்றி, ரோலர் விட்டு, வழவழவென்று முடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஸ்பேனர் அக்காவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. அவள் அந்தத் துறையின் பிட்டர், குழாய் பழுது பார்ப்பவள். தற்காலிகம். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். கடைசித் தெருவின் பள்ளத்து வீடு அவளுடையது. முன்னறையில் புருஷனின் தையல் மெஷின். காலையில் அவள் கிளம்பும்போது தண்ணீர் வாசற்படியில் நின்றது. கூட்டம் தொடங்கும்போது புருஷன் போன் பண்ணினான். பெடல் நனைந்துவிட்டதாம்.

“இன்னும் ஒரு சாண் ஏறினா மோட்டார். மோட்டார் போச்சுன்னா நானும் உன் ஆபீசுக்கே வந்து சும்மா உக்காந்துக்கறேன். அங்கதான் இடம் இருக்குமே.”

மேஜை மேல் கடைக்காரர் சோதனைக்குக் கொடுத்தனுப்பிய மூன்று காயில்கள் இருந்தன. சின்னது, நடுத்தரம், பெரியது. சின்னதே போதும் என்றாள் அக்கா. அந்தத் தெருவில் சாக்கடை மூடியும் இரும்பு, வேலியும் இரும்பு. பெரிய காயில் எல்லாவற்றையும் சேர்த்துக் குழப்பிவிடும், சின்னதுதான் பிரித்துக் காட்டும் என்று விளக்கினாள்.

பொறியாளர் வருத்தத்தோடு தலையாட்டினார். பக்கத்து ஊர்த் துறையில் இதைவிடப் பெரியது வைத்திருக்கிறார்கள், சின்னதைத் தூக்கிக்கொண்டு போனால் நம் துறையைப் பற்றி மக்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். எதற்கும் சோதித்துவிடலாம், இங்கேயே, வெளியே வெயில் என்றார்.

அது கான்கிரீட் கட்டடம். தரை முழுக்கக் கம்பி. சின்னது கத்தியது. நாற்காலிக்குக் கத்தியது, பீரோவுக்குக் கத்தியது, பொறியாளரின் பெல்ட் பக்கிளைக் கண்டதும் தனி ராகத்தில் கத்தியது. நடுத்தரமும் அப்படியே. ‘அலுவலக மாண்பிற்கு ஊறு விளைவிக்கும் ஒலி’ என்று டைப்பிஸ்ட் குறித்துக்கொண்டார்.

பெரியது வேறு கம்பெனி செய்தது. அதன் பிளக் துறையின் டிடெக்டரில் நுழையவே இல்லை. சும்மா கம்பில் திருகிவிட்டு ஆட்டினார்கள். ஒரு முனகல்கூட இல்லை. நீல நிறம் வேறு, துறையின் போர்டுக்குப் பொருத்தமாக. அறையே அசந்துபோனது.

“சார், அதுக்கு ஒயரே மாட்டலையே,” என்றாள் அக்கா.

“மாட்டாமலே இவ்வளவு அடக்கமா இருக்கே. மாட்டினா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாரும்மா.”

ஒருமனதாகத் தேர்வானது. மாலை போடாத குறை.

பன்னிரண்டு மணிக்குப் பொறியாளர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை பேண்ட்டைச் சுருட்டி, கடைசித் தெருவை இரண்டு முறை அளந்தார். காயில் வாய் திறக்கவில்லை. ‘மேற்படி தெருவில் வால்வு ஏதும் இல்லை எனத் துல்லியமாகக் கண்டறியப்பட்டது’ என்று அங்கேயே சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

மோட்டாருக்கு இன்னும் நாலு விரற்கடை.

கழித்துப்போட்ட சின்னக் காயிலைக் கடைக்குத் திருப்பித் தரும் வேலை அக்காவுக்கே வந்தது. வழியில், பொறியாளர் விட்டுப்போன டிடெக்டரில் அதை மாட்டிப் பார்த்தாள். அஞ்சே நிமிஷம். இஸ்திரிக் கடை வாசலில், நட்டநடு ரோட்டில், கணீரென்று பீப். கடப்பாரையால் நாலு போடு. மூடி, வால்வு, இறுக்கத் திருகல். தண்ணீர் அப்படியே சுருண்டது. உடைந்த குழாயை ஒட்டினாள், ஒட்டு காய மறுநாள் காலைவரை ஆகும் என்று குழி மேல் பலகை போட்டாள், காயிலைக் கடையில் கொடுத்தாள், வீட்டுக்குப் போய்த் தையல் மெஷினைத் துடைத்தாள்.

சாயங்காலம் பொறியாளர் வந்தார். தெரு காய்ந்து கிடந்தது.

“பாத்தீங்களா? காயிலை ஒரு தடவை காட்டினதுக்கே,” என்றார்.

தெரு கைதட்டியது. இஸ்திரிக்காரர் காயிலைத் தொட்டுக் கும்பிட்டார். மாடி வீட்டு டீச்சர் அதோடு போட்டோ எடுத்துக்கொண்டார். சத்தமே போடாத அப்படி ஒரு சாமான் மாப்பிள்ளையாகக் கிடைத்தால் தேவலை என்றார் எதிர்வீட்டு அத்தை. வால்வு இல்லாத தெரு எங்கள் தெரு என்று நன்றிக் கடிதம் எழுதினார்கள். அதை வைத்த பைலிலேயே ஸ்பேனர் அக்காவின் பணி நிரந்தர ஆணையும் இருந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆணையை எடுத்துக்கொள்ளலாம் என்று பொறியாளர் அன்பாகச் சொன்னார்.

முதல் கையெழுத்து அவளுடையது. ஒன்பது வருஷம், வேறென்ன செய்வாள்.

விடியற்காலையில் தெருவுக்குப் பரிசாகப் புது ரோடு வந்தது. அக்கா வால்வு திறக்கும் சாவியோடு ஓடி வந்தபோது ரோலர் பலகையைத் தாண்டி நாலு வீடு போயிருந்தது.

அப்புறம்தான் மிச்சமிருந்த தண்ணீரும் தீர்ந்து, ஒவ்வொரு வீட்டுக் குழாயும் இருமிவிட்டு நின்றது.

எல்லாரும் குடத்தோடு அவள் வாசலுக்கு வந்தார்கள். வால்வு எங்கே என்று அவளுக்குத் தெரியும். இஸ்திரிக்காரருக்குத் தெரியும். அவர் வாசல்தானே. ஆனால் புது ரோட்டைத் தோண்ட அனுமதி வேண்டும். பொறியாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

“தோண்டலாமே,” என்றார் அவர் தாராளமாக. “காயில் கத்தினா இந்த நிமிஷமே தோண்டலாம். யார் வேண்டாம்னது?”

நீலக் காயிலை மெதுவாக ஆட்டிக்கொண்டு நடந்தார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தது. இஸ்திரிக் கடை வாசல் வந்தது. காயில் கம்மென்று இருந்தது.

“பீப்,” என்றார் இஸ்திரிக்காரர், வாயை மூடினபடியே.

“பீப்,” என்றாள் அக்கா. டீச்சர் பீப். அத்தை பீப். தையல்காரன் குடத்துக்குள் தலையை விட்டு நீளமாக ஒரு பீப். தெருவே கத்தியது.

பொறியாளர் நின்றார். காயிலைத் தூக்கிக் காதருகே வைத்துக் கேட்டார். அவர் முகம் கறுத்தது.

“நல்லாத்தான் இருந்துச்சு. இதுவும் கத்த ஆரம்பிச்சுடுச்சே,” என்று அதைக் கழற்றி ஜீப்பில் போட்டார்.

தெரு முணுமுணுத்தது. அவர் கை உயர்த்தினார். புதுக் காயில் தேர்வுக் குழுவில் இந்த முறை தெருவுக்கும் ஓர் இடம் உண்டு, உறுப்பினருக்கு அடையாள அட்டையும் உண்டு என்று அறிவித்தார். முணுமுணுப்பு நின்றது. அட்டை என்ன நிறம் என்று டீச்சர் கேட்டார்.

யாரை அனுப்புவது என்று அன்று பொழுது சாயும்வரை சண்டை. குடங்கள் வரிசையில் அப்படியே கிடந்தன. பத்தொன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். பட்டியலில் முதல் பெயர் ஸ்பேனர் அக்கா.