பிரான்சுக்குப் போகாமலிருக்க நாற்பது கன்றுகள்

இந்தப் பிறவியில் இனி விமானம் ஏறுவதில்லை. இது என் முடிவு. 1986இல் யாரோ ஒருவனுடைய பாஸ்போட்டை வைத்துக்கொண்டு ஐரோப்பிய விமான நிலையம் ஒன்றில் ஆறு மணி நேரம் நின்றேன். அன்றைக்குப் பிடித்த நடுக்கம். சீருடையைக் கண்டால் இன்றைக்கும் முழங்கால் ஆடும். இப்போது குடியிருக்கும் மில்லிக்கனில் தபால்காரன் படியேறினாலும் ஆடும். இது என் மனைவி அருள்நாயகிக்குத் தெரியாது. சொல்ல வெட்கம்.

அவளுடைய தங்கை யோகமலர் பிரான்சில் ஒரு நாட்டுப்புற ஊரில் இருக்கிறாள். அக்காவும் தங்கையும் கடைசியாகக் கண்டுகொண்டது கொழும்பில், பதினொரு வருஷத்துக்கு முன்னால். மாசியில் தபாலில் ஒரு படம் வந்தது. தேவாலய முற்றம் நிறையப் பூச்சட்டிகள், நடுவில் யோகமலர். ஒவ்வொரு வைகாசிக் கடைசியிலும் அங்கே மலர்ச்சந்தையாம். சுற்றியுள்ள தோட்டங்களின் கமக்காரர் எல்லாரும் கன்றுகளை ஏற்றிக்கொண்டு வருவார்களாம். படம் எங்கள் பிரிட்ஜில் ஏறியது. பால் எடுக்கப் போனால் மைத்துனி என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இந்த வைகாசி உந்தச் சந்தைக்குப் போகவேணும்," என்றாள் அருள்நாயகி.

"யோசிப்பம்."

"பதினொரு வரியம்."

"யோசிப்பம் எண்டு சொன்னனெல்லே!"

யோசித்தேன். பங்குனி, சித்திரை இரண்டும் யோசனையிலேயே போயின. வைகாசி முதல் சனிக்கிழமை மூளை வேலை செய்தது. யூனியன்வில் பக்கம் கன்று விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். ரோசா, செவ்வந்தி, பெயர் தெரியாத ஊதாப்பூ. மொத்தம் நாற்பது.

பக்கத்து வீட்டு நீக்கிலாப்பிள்ளை அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இன்னும் பனி விடேல்லை. உதுகளை வெளியில விட்டால் செத்துப்போம்."

"தெரியும் அண்ணை."

"பின்னேரம் உள்ளுக்குத் தூக்கவேணும். காலமை வெளியில வைக்கவேணும். ஒரு நாளும் விடேலாது."

"அதுதான் அண்ணை எனக்கு வேணும்!"

அவர் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அருள்நாயகி வந்து பார்த்தாள். நான் செத்தவீட்டு முகத்தை எடுத்து மாட்டினேன்.

"ஆசையில வாங்கிப்போட்டன், அருள். ரெண்டு பேரும் பிரான்சுக்குப் போனால் உதுகளை ஆர் பாக்கிறது?"

"ஓம் என்ன."

"பச்சைப்பிள்ளையள் மாதிரி. விட்டிட்டுப் போறது பாவமெல்லே?"

"பாவம்தான். அப்ப நிலத்தைக் கொத்தி விடுங்கோவன். நல்ல கண்டுகள்."

அவ்வளவுதான். சண்டையில்லை, சத்தமில்லை. வென்ற மிதப்பில் மண்வெட்டியைத் தூக்கினேன். மூன்று கிழமை கொத்தினேன். காலையில் நாற்பது வெளியே, பின்னேரம் நாற்பது உள்ளே. முதுகு பிடித்துக்கொண்டது.

ஒருநாள் தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனேன். அவள் படத்தின் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மனிசியை அழவைத்துவிட்டுச் செவ்வந்திக்குத் தண்ணீர் விடுகிறவன் என்ன மனிதன்? வெளியே வந்து இன்னும் கொத்தினேன்.

வைகாசிக் கடைசி வியாழன். வேலையால் வந்தால் வாசலில் சூட்கேஸ். மேலே பாஸ்போட். முழங்கால் ஆடத் தொடங்கியது. இனி ஒளிக்க முடியாது.

"அருள், உமக்கு ஒண்டு சொல்லவேணும். எனக்கு ஏர்போட் எண்டால்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நித்திரையில பாஸ்போட் எண்டு புலம்பி ரெண்டு கையையும் மேல தூக்கிறியள். பத்து வரியமாப் பாக்கிறன். நான்தான் பிடிச்சுக் கீழ இறக்கி விடுறனான்."

கதிரையில் இருந்துவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள்.

"உங்களைக் கூட்டிக்கொண்டு போக நான் ஒருநாளும் நினைக்கேல்லை. டிக்கெற் ஒண்டுதான். மாசியிலயே எடுத்திட்டன்."

"மாசியிலயோ! அப்ப ஏன் என்னை உந்த நாற்பது கண்டோடயும் மாரடிக்க விட்டனீர்?"

"நீங்களாத்தானே தொடங்கினியள்? எனக்கும் கனநாளா ஒரு தோட்டம் வேணும் எண்டு ஆசை." அவள் ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். "வேலிக்கரையில இன்னும் கொஞ்சம் கிடக்கு. நான் வாறதுக்குள்ள கொத்தி முடியுங்கோ."