அடுப்படியில் நடந்த வருமான வரி விசாரணை

நான் ஜெயித்த ஒரே வழக்கைச் சொல்லித்தான் என் வீட்டார் இன்றைக்கும் என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். மறுபடி அதே ஆபீசர் வந்து நின்றாலும் அதே வாதத்தைத்தான் வைப்பேன். ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். கம்பம் ஊரில் நான் ஏலக்காய் வியாபாரி. மலைத் தோட்டக்காரர்களிடம் வாங்கிப் போடிச் சந்தைக்கு அனுப்புவேன். கடை கிடையாது, வாடகை வீட்டின் முன்னறைதான் எல்லாம். பாயை விரித்து, முட்டிக்கு முட்டி உட்கார்ந்து, சேர்த்த கைகளைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவோம். விலையை வாயால் சொல்லும் வழக்கமே இல்லை. முழுக் கையையும் இறுக்கிப் பிடித்துவிட்டால், கேட்ட விலைக்குச் சம்மதம் என்று அர்த்தம்.

கடைவீதியில் இருந்தவர்களுக்கெல்லாம் வருமான வரியில் கடை வாடகையைக் கழித்துக் கொடுத்தார்கள். எனக்கு மட்டும், 'அது நீர் குடியிருக்கும் வீடு' என்று மறுத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடையில் உட்கார்ந்து வாங்கினால் வியாபாரம், வீட்டில் உட்கார்ந்து வாங்கினால் வெட்டிப்பேச்சா? மனு போட்டேன். (மனுவில் கொஞ்சம் பணிவாகத்தான் எழுதியிருந்தேன்.) அந்த மனு தோற்றால் மாப்பிள்ளை மரியாதையாகப் பஜாரில் கடை பிடிக்க வேண்டும் என்று மாமனார் சொல்லியனுப்பியிருந்தார். அவர் பேச்சைக் கேட்டுப் பஜாரில் போய் உட்காருவதைவிட நான் மூட்டை தூக்கப் போயிருப்பேன்.

மதுரையிலிருந்து ஆபீசர் நேரிலேயே பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. உடனே என் புத்தி வேலை செய்தது. பாயைச் சுருட்டிப் பரணில் போட்டேன். பெரிய மேஜை, நாற்காலிகள், தட்டினால் ஒலிக்கும் மணி, ஓடாத சுவர்க் கடிகாரம் என்று இரவல் வாங்கி முன்னறையை அடைத்தேன்.

"ஏங்க, கால் வைக்க எடமில்ல. உள்ளத உள்ளபடி காட்டுனா என்ன?" என்றாள் மனைவி ராசாத்தி.

"ஆபீசுன்னா மேசை வேணும். அடுப்படியில இருக்கவளுக்கு ஆபீசப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். (நான் எப்பேர்ப்பட்ட மேதை பாருங்கள்!)

ஆபீசர் வந்து நாற்காலியில் அமர்ந்த சமயம், கம்பம்மெட்டு மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளத் தோட்டக்காரர் ஔசேப்பு, மாதிரி ஏலக்காயோடு உள்ளே நுழைந்தார். மேஜையையும் கோட்டுப் போட்ட மனிதரையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எந்தா மொதலாளி, இது கோர்ட்டோ?"

"சும்மா உக்காருங்க சேட்டா" என்று எதிரே உட்காரவைத்துக் கையை நீட்டினேன். அவரும் நீட்டினார். நடுவில் மேஜை. இருவரும் அதன்மேல் குப்புறப் படுத்தும் விரல் நுனிதான் தொட்டது. துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

"இவிட பற்றில்ல" என்று, இங்கே நடக்காது என்பதைத் தன் மலையாளத்தில் சொல்லி, என்னைத் தரதரவென்று அடுப்படிக்கு இழுத்துப் போனார். அங்கே தரையில் உட்கார்ந்து, துண்டைப் போட்டு, விரலைப் பிடித்தோம். ராசாத்தி குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஆபீசர் வந்து நின்றார்.

"முன்னறைதான் ஆபீஸ் என்றீர். இங்கே என்ன செய்கிறீர்?"

"யாவாரம் சார்."

"அதை ஏன் அங்கே செய்யவில்லை?"

அவ்வளவுதான், எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. "நான் எங்கன உக்காந்தா என்ன சார்? இந்த வீட்டுல சம்பாதிச்சதுக்கு வரி போடுறப்ப மட்டும் கண்ணு தெரியுது, வாடகையக் கழிக்கச் சொன்னாத் தெரியலையா?"

அப்படியொரு கேள்வியை அவர் ஆயுசில் கேட்டிருக்க மாட்டார். ஆனால் நான் கேட்ட வேகத்தில் என் கை தானாக இறுகிவிட்டது. துண்டுக்குள் இருந்ததோ ஔசேப்பின் கை.

"சம்மதிச்சு!" என்று துள்ளி எழுந்தார் அவர். அவர் கேட்டிருந்த விலையைக் கம்பம் பள்ளத்தாக்கில் பைத்தியக்காரன்கூடக் கொடுத்திருக்க மாட்டான். பிடித்த கையை இல்லையென்றால் அப்புறம் ஒருவனும் மலையிறங்கி என்னிடம் வரமாட்டான். நாசமாய்ப் போக என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

ராசாத்திக்குப் பொறுக்கவில்லை. "அய்யா, மேசையெல்லாம் இரவல். தெனமும் முன்னறையில பாய் விரிச்சுத்தான் யாவாரம் பண்ணுவாக. நீங்க வாரீகன்னுதான் இந்தக் கூத்து."

"நான் கண்ணால் பார்த்ததைத்தானம்மா எழுத முடியும்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார் ஆபீசர்.

உத்தரவு வந்தது. வியாபாரம் நடக்குமிடம் சமையலறை. அதற்குரிய வாடகை கழிக்கப்படுகிறது. முன்னறைக்குக் கிடையாது. அதனாலென்ன? வீடும் தொழில் செய்யும் இடம்தான் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்துவிட்டது! மாமனார் அதன் பிறகு பஜார்க் கடையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

உத்தரவை ராசாத்திக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். வெங்காயக் கூடையையும் அரிவாள்மணையையும் என் பக்கம் நகர்த்திவைத்தாள்.

"அப்ப இது உங்க ஆபீசு. இங்கன உள்ள வேலைய இனி நீங்கதான் பாக்கணும்."

இன்றைக்கும் யாராவது வந்து என்னைக் கேட்டால், "தாத்தா ஆபீசுக்குப் போயிருக்காக" என்று பேரப்பிள்ளைகள் அடுப்படியைக் காட்டிச் சிரிக்கின்றன. வந்தவர்களும் எட்டிப் பார்த்து, என் கண்ணில் நீர் வழிவதைக் கண்டு உச்சுக்கொட்டுகிறார்கள். அது வெங்காயத்தால் வருவது. வழக்கில் ஜெயித்தவன் நான்தான்.